பின்வாசல் வேண்டாமென்ற சிவசங்கரி அம்மையார்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் முத்தாலங்குப்பம் ஊராட்சி மன்றத் தலைவர், மரியாதைக்குரிய பக்தவச்சலம் அவர்களே! நம் மறுவாழ்வு இல்லத்தின் மருத்துவர் பூங்குழலி அவர்களே! மீனவப் பஞ்சாயத்தாரே! பக்கத்து ஊர் கூனிமேட்டிலிருந்து வந்திருக்கும் ஜமாஅத் பெரியவர்களே! உப்பளத்தில் பாதி வேலையை விட்டுவிட்டு, காலில் உப்புத் தண்ணீர் காய்வதற்குள் ஓடி வந்திருக்கும் என் சங்கத்துத் தோழர்களே, தோழியரே! உள்ளே இடம் போதாமல் வெயிலில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் என் ஊர் மக்களே! உங்கள் எல்லோருக்கும் உப்பளத் தொழிலாளர் சங்கச் செயலாளர் நடராசனின் வணக்கம்.

சிவசங்கரி அம்மையார் போய்விட்டார். நம் ஊராட்சியின் முன்னாள் தலைவர், பஸ் ஸ்டாப் இட்லிக் கடைக்காரர், நம் இல்லத்தை இந்த மண்ணில் ஊன்றிய சிவசங்கரி அம்மையார், மாரடைப்பில் போய்விட்டார். அழ வேண்டியதை அன்றைக்கே அழுது தீர்த்தோம். இன்று நான் அழ வரவில்லை. ஒரு பெண்மணி எப்படி ஜெயித்தார் என்று சொல்ல வந்திருக்கிறேன். யாரை ஜெயித்தார்? நம்மைத்தான்! ஊரே எதிர்த்து நின்றபோது ஊரைவிட்டு ஓடாமல், ஊரோடு சண்டையும் போடாமல், ஊரையே தன் பக்கம் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே! அப்படிப்பட்டவரின் மரணத்தை எந்த வாயால் தோல்வி என்று சொல்வேன்?

வெளியூர்க்காரர்களும் வந்திருக்கிறீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே அர்ச்சுனன், அவரிடமிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. "உன் கதையைப் பேசலாமாப்பா?" என்று காலையில் கேட்டேன். "பேரச் சொல்லியே பேசுங்கண்ணா. மறைச்சாதான் அசிங்கம்" என்றார். அதனால் பேசுகிறேன்.

அர்ச்சுனன் உப்பு வாருவதில் கெட்டிக்காரர். ஆனால் குடி அவரைப் பிடித்துக்கொண்டது. குடியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. யாருமே இல்லாத இடத்தில் யாரோ திட்டுவது போலக் குரல் கேட்கும் அவருக்கு. மனைவி தனகோடி விடியும்போதே உப்பளத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. அந்தத் தங்கை என்ன செய்வார்? கணவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார்.

சிவசங்கரி அம்மையார் அப்போதுதான் தலைவராகியிருந்தார். குடிதண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று எங்கள் உப்பளத் தெருவுக்குப் பார்க்க வந்தார். நானும் கூடவே இருந்தேன். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"யாருப்பா உள்ள?"

"நான்தாங்க, அர்ச்சுனன். கொஞ்சம் தண்ணி வேணும்."

"வீடு பூட்டியிருக்குதே! இரு, சாவி யார்கிட்ட இருக்குதுன்னு கேட்டுத் தொறக்கச் சொல்றேன்."

"ஐயோ, வேணாங்க தலைவரம்மா! தொறக்காதீங்க. தொறந்தா நான் கடைக்குப் போயிடுவேன். சன்னல் வழியா தண்ணி மட்டும் குடுங்க, போதும்."

கதவைத் திறந்துவிடு என்று கதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். திறந்துவிடாதே என்று கையெடுத்துக் கும்பிடுகிற மனிதனை யார் பார்த்திருக்கிறோம்? சன்னல் கம்பி வழியாக அவர் செம்பை வாங்கினார். கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் சுவரில் வழிந்தது. அம்மையார் என் பக்கம் திரும்பினார்.

"நடராசா, இந்தத் தெருவுல இன்னும் எந்தெந்த வீடு இப்படிப் பூட்டிக் கெடக்குது?"

நான் விரலை நீட்டினேன். நீட்டிக்கொண்டே போனேன். "மீனவர் தெருவுலயும் இருக்குதுக்கா" என்றேன்.

மறுநாளே அர்ச்சுனனையும் தனகோடியையும் பஸ்ஸில் ஏற்றிப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். அங்கேதான் நம் பூங்குழலி டாக்டரைச் சந்தித்தார். "நீங்களா திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும்மா. உயிருக்கே ஆபத்து. பூட்டி வைக்கிறது வைத்தியம் இல்ல. படுக்க வெச்சுப் பாக்கணும். அப்புறமும் வாரா வாரம் வரணும்" என்றார் டாக்டர். தனகோடி கேட்டார்: "வாரா வாரம் இவ்ளோ தூரம் வந்தா, நான் வேலைக்கு எப்பங்க போறது?" பதில் அம்மையாரிடம் இருந்தது. "அப்ப நீங்க எங்க ஊருக்கு வாங்க டாக்டரம்மா!" என்றார்.

வர முடியும் என்றது டாக்டரின் அறக்கட்டளை. ஒரு கட்டடம் மட்டும் வேண்டும் என்றது. ஊராட்சிக்குச் சொந்தமான பழைய உப்புக் கிடங்கு ஈ.சி.ஆர். ரோட்டோரம் சும்மா கிடந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தோம். வேலை தொடங்கவே இல்லை என்பது கிராம சபை கூடியபோதுதான் தெரிந்தது!

அந்தக் கிராம சபையை மறக்க முடியுமா? மீனவர் தெருவும் உப்பளத் தெருவும் எதிலாவது ஒன்று சேர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அன்று சேர்ந்தன! "நல்ல காரியம்தான், ஆனா இங்க வேணாம்!" என்பதில் சேர்ந்தன! என் சங்கத்துக்காரர்களே பாதிப்பேர் எழுந்து நின்று கத்தினார்கள். அன்றைக்கு எதிர்ப்பின் முன்னால் நின்றவர் யார்? உப்பளமும் ரோட்டோர மனைகளும் வைத்திருக்கும் நம் பக்தவச்சலம் அவர்கள்தான். சொல்லலாமா தலைவரே? சிரிக்கிறார், தலையாட்டுகிறார். சொல்கிறேன்.

"பைத்தியக்காரங்க ரோட்ல சுத்தினா நம்ம பொண்ணுங்க எப்படி ஸ்கூலுக்குப் போகும்? மனைய எவன் வாங்குவான்? பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஊருன்னு பேர் வந்துட்டா நம்ம பசங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஊரில் எல்லோர் நெஞ்சிலும் இருந்த பயத்தைத்தான் அவர் வாய் பேசியது. கைதட்டல் அடங்கவே நேரமானது.

"கூனிமேட்டுப் பக்கம் வைங்களேன்" என்றது ஒரு குரல். அம்மையார் சொன்னார்: "கேட்டா கூனிமேட்டுக்காரங்க நம்ம ஊரைக் காட்டுவாங்க. நாமளும் அவங்களக் காட்டினா, டாக்டரம்மா எங்க போய் உக்காருவாங்க? கடல்லயா?"

கூனிமேட்டுப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அன்று இங்கே யாரும் சிரிக்கவில்லை! ஒரு இளைஞர் எழுந்து முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "உங்களுக்கு என்னம்மா இதுல? உங்க வீட்ல யாராவது குடிக்கிறாங்களா? யாருக்காவது புத்தி சரியில்லையா?"

அதற்கு அவர் சொன்ன பதிலை இந்த ஊர் இருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "எங்க வீட்ல அப்படி யாரும் இல்லப்பா. அதனாலதான் நான் ராத்திரி நிம்மதியா தூங்குறேன். காலைல எழுந்து ஊர் வேலை பாக்க எனக்குத் தெம்பு இருக்குது. தூங்காதவங்களா வந்து உங்ககிட்ட சண்டை போடுவாங்க? தூங்குறவதான் போடணும்!"

பொதுவாழ்க்கைக்கு இதைவிட ஒரு விளக்கம் உண்டா தோழர்களே? தன் வீட்டில் நெருப்புப் பிடித்தால் எவரும் ஓடுவார்கள். தன் வீடு பத்திரமாக இருக்கிறது என்பதையே ஒரு கடனாக நினைத்த தலைவர் அவர்!

தீர்மானம் எதுவும் இல்லாமல் கூச்சலில் சபை கலைந்தது. அம்மையார் மேலிடங்களுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். கிடங்குக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்த அன்று ஊர் திரண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. இதே ரோட்டில் பிராந்திக் கடை வந்தபோது மறியல் செய்யாத ஊர்! குடியை நிறுத்த ஓர் இடம் வருகிறது என்றதும் மறியல் செய்தது! பஸ்கள் நின்றன. வெயில் கொளுத்தியது. போலீசுக்குச் சொல்லிவிட்டு வீட்டில் இருங்கள் என்று அம்மையாரிடம் எவ்வளவோ சொன்னேன். கேட்டாரா? நேராக மறியல் நடக்கும் இடத்துக்கு வந்தார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். மறியல் செய்யும் பெண்களுக்கு நடுவிலே தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்!

மீனவர் தெரு பொன்னம்மாள்தான் அன்று உரக்கக் கோஷம் போட்டவர். அவருக்கே குழப்பமாகிவிட்டது. "ஏம்மா, உன்ன எதுத்துதான மறியல் பண்றோம்? நீ எதுக்கு இங்க வந்து உக்கார்ற?"

"ஊரே வெயில்ல உக்காந்திருக்குது. தலைவரு நான் மட்டும் நெழல்ல நிக்கலாமா?"

கோஷம் எவ்வளவு நேரம் போட முடியும்? தொண்டை காய்ந்தது. பக்கத்துப் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். அம்மையார் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் மெதுவாகத் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். இன்னொரு பெண், குழந்தை பிறந்த நாளிலிருந்து பேசாமலே உட்கார்ந்திருக்கும் தன் மகளைப் பற்றிச் சொன்னார். போலீஸ் வந்து எல்லோரையும் எழுப்பியபோது பொன்னம்மாள் அம்மையாரின் காதோரம் குனிந்து, "அந்த டாக்டரம்மா வெளிய யாருக்கும் சொல்ல மாட்டாங்கதான?" என்று கேட்டார். தன்னை எதிர்த்து நடந்த மறியலிலேயே ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பிய தலைவரை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்! எங்கள் சங்கத்தின் எத்தனையோ போராட்டங்களில் நான் கற்காததை அந்தத் தாரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

ஆனால் சுலபமாக எதுவும் நடந்துவிடவில்லை. இல்லத்தின் பெயர்ப்பலகையில் தார் பூசினார்கள். அம்மையாரின் இட்லிக் கடைக்கு யாரும் போகக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போல ஒன்று பேசி வைத்தார்கள். காலை பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் அவர் கடைப் பக்கமே திரும்பாமல் பசியோடு பஸ் ஏறியது. அவர் கடையை மூடினாரா? ஒருநாளும் மூடவில்லை! வழக்கம்போல அவித்தார். மீந்ததைத் தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு இல்லத்தில் வேலை செய்த கொத்தனார்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டார். கணவர் மோகன், இதோ உட்கார்ந்திருக்கிறார், அன்றைக்கு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மாவாட்டுறது நானு, சண்டை போடறது அவ. எனக்கு வேலை லேசு" என்று என்னிடம் சொன்னவர் அவர். மோகன் அண்ணா, உங்களுக்கும் இந்தச் சபையின் வணக்கம்!

திறப்பு விழா முடிந்து முதல் நாள். டாக்டர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் வரவில்லை. ரோட்டைப் பார்த்த வாசல். உள்ளே நுழைந்தால் டீக்கடைக்கே தெரியும். யார் வருவார்கள்? டாக்டர் நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: "பின்பக்கம் உப்பளத்தைப் பாத்து ஒரு வாசல் வெச்சிடலாம்மா. யாருக்கும் தெரியாம வந்துட்டுப் போவாங்க." எனக்கும் அது சரி என்றே பட்டது.

"வேணாங்க டாக்டரம்மா. பின்வாசல் வெச்சா, இங்க நடக்குறது தப்புக் காரியம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. காய்ச்சலுக்கு யாராவது பின்வாசல்ல போறாங்களா?"

என்ன செய்தார் தெரியுமா? வாசலுக்கு நேரே, நோயாளிகள் உட்காரும் பெஞ்சியில் தானே போய் உட்கார்ந்தார். டீக்கடைக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. "தலைவருக்கே கழண்டுடுச்சுடா" என்று ஒருவர் கத்தினார். "ஆமாப்பா, வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன். உனக்கும் எடம் இருக்குது, வா" என்று கையை ஆட்டிக் கூப்பிட்டார். டாக்டர் அடுத்த முறை வந்தபோதும் உட்கார்ந்தார். அதற்கடுத்த முறை, அதோ அந்த டீக்கடையைத் தாண்டி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அர்ச்சுனன் வந்தார். பக்கத்தில் தனகோடி. முன்வாசல் வழியாக நுழைந்தார்கள். அன்று அந்தப் பெஞ்சியிலிருந்து எழுந்து இடம் கொடுத்துவிட்டு வெளியே வந்த சிவசங்கரி அக்காவின் முகம் இருக்கிறதே, தேர்தலில் ஜெயித்த அன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை!

அதற்கடுத்த தேர்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுபடி நின்றார். தோற்றார். நன்றாகவே தோற்றார்! பக்தவச்சலம் அவர்கள் ஜெயித்தார். ஆறுதல் சொல்ல நான் போனபோது கடையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். "இட்லிக்கு ஓட்டு வேணுமா நடராசா? போய் அந்தத் தண்ணிக் குடத்த எடுத்துட்டு வா" என்றார். மறுநாளிலிருந்து இல்லத்தின் சமையலறையே அவர் அலுவலகம் ஆனது. அர்ச்சுனன் ஒருமுறை சறுக்கி மறுபடி குடித்துவிட்டு வந்தபோது, எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டபோது, "வழுக்கி விழுந்தவன எழுப்பத்தான இந்த இடம்? விழாதவனுக்கா கட்டினோம்? உள்ள வா" என்று தட்டைக் கழுவி வைத்தவர் அவர். அதன்பிறகு அர்ச்சுனன் குடிக்கவில்லை. குரல்கள் கேட்பதில்லையா என்று கேட்டால், "மாத்திரை சாப்பிட்டா தூரத்துல போயிடுதுண்ணா" என்கிறார். உப்பு வாரப் போகிறார். அவர் வீட்டில் வெளிப்பூட்டு இல்லை!

இப்போது அந்தப் பெரிய நாளுக்கு வருகிறேன்.

போன வருடம் வெளியூரிலிருந்து ஒருவர் ரோட்டோரம் பெரிய விடுதி கட்ட வந்தார். எதிரே இந்த இல்லம் இருக்கக்கூடாது, எடுத்துவிட்டால் ஊருக்கு என்னென்னவோ செய்கிறேன் என்றார். முன்பு மறியல் செய்தவர்கள் ஊரை ஆளுகிறார்கள். எதிர்த்துப் பேச அம்மையாரிடம் பதவி இல்லை. இல்லம் போய்விடும் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். கிராம சபை கூடியது. அம்மையார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் பக்தவச்சலம் எழுந்தார். "இந்த இல்லம் இங்க வேணாம்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார்.

ஒரு கை எழவில்லை!

தோழர்களே, ஒரு கை எழவில்லை! கேள்வி கேட்ட தலைவரின் கையும் எழவில்லை! அப்போது எழுந்தார் பொன்னம்மாள். "என் புள்ள இப்ப போட்ல போறான். வலை இழுக்குறான். கை நடுங்கல. அந்தக் கைய நான் தெனமும் புடிச்சுப் பாக்குறேன். இந்த இல்லத்த எடுக்கணும்னு சொல்றவன் மொதல்ல என் வீட்டுக்கு வரட்டும், பேசிக்கலாம்!" என்றார். வெளியே யாருக்கும் தெரிந்துவிடுமோ என்று ஒருநாள் காதில் கிசுகிசுத்த அதே வாய், ஊர் நடுவில் தன் வீட்டுக் கதையைத் தலைநிமிர்ந்து சொன்னது!

தலைவர் பேசினார். "மனை போகாதுன்னு நான்தான் சொன்னேன். என் மனைய வாங்கி வீடு கட்டின மனுஷன் வந்த மறுநாளே என்கிட்ட கேட்டது, டாக்டரம்மா என்னிக்கு வருவாங்கன்னுதான். வேற ஒண்ணும் கேக்கல. நான் சொன்னது தப்பு. இல்லம் இங்கதான் இருக்கும்." இதை அன்று சொன்னதற்காக, தலைவரே, உங்களுக்கு நான் தலைவணங்குகிறேன். ஜெயித்த பிறகு பெருந்தன்மை காட்டுவது எளிது. பதவியில் இருந்துகொண்டு தப்பை ஒத்துக்கொள்வது எளிதல்ல.

கூட்டம் முடிந்து ஓடிப்போய், "ஜெயிச்சுட்டோம்க்கா!" என்று கத்தினேன். "யாரும் தோக்கலியே நடராசா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, அரிசி ஊறப் போடணும்" என்று நடந்துவிட்டார்.

அந்தப் பெண்மணியின் இறுதி ஊர்வலத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? நம் பக்கம் சாவு என்றால் மேளக்காரருக்கும் பாடை தூக்குகிறவருக்கும் குடி வாங்கிக் கொடுப்பது காலம் காலமாக நடக்கிறது. மோகன் அண்ணன் எதுவும் சொல்லவில்லை. அம்மையாரும் அப்படி எதையும் கேட்டுவிட்டுப் போகவில்லை. மேளக்காரர்களே வந்தார்கள். "இன்னிக்கு ஒண்ணும் வேணாங்க. டீ மட்டும் குடுங்க" என்றார்கள். டீ குடித்துவிட்டு அடித்தார்கள் பாருங்கள் மேளம்! தாளம் ஒரு இடத்தில் தப்பவில்லை. அர்ச்சுனனும் பொன்னம்மாளின் மகனும் தோள் கொடுத்தார்கள். மீனவர் தெரு பாதி, உப்பளத் தெரு பாதி. ஒருவர் கால்கூடத் தடுமாறாமல் சுடுகாடுவரை போய்ச் சேர்ந்த ஊர்வலத்தை என் ஆயுளில் முதன்முறையாகப் பார்த்தேன். அரசு மரியாதை என்கிறார்களே, அதைவிடப் பெரிய மரியாதை இது இல்லையா?

இனி நம் கடமை. ஆண்களுக்குப் படுக்கை இருக்கிறது. பெண்கள் தங்கிச் சிகிச்சை பெற இடமில்லை. பெண்களுக்கும் மனம் நோகும், பெண்களுக்கும் தூக்கம் கெடும், பெண்களும் குடியில் விழுவதுண்டு. அவர்கள் எங்கே போவார்கள்? அம்மையார் கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். ஊராட்சி இடம் தருகிறது. டாக்டர் ஆள் தருகிறார். எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்கம் உடலுழைப்பைத் தருகிறது. அடுத்த உப்புப் பருவம் தொடங்குமுன் பெண்கள் பகுதி எழும் என்று இந்த மேடையில் நின்று உறுதி சொல்கிறேன். எந்த ஊர் "இங்க வேணாம்" என்றாலும் அந்த ஊருக்குப் போய், அவர்கள் பயத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, அவர்களோடு உட்கார்ந்து பேசுவோம். இதுவும் உறுதி!

மௌன அஞ்சலி செலுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் இன்று புதன்கிழமை, டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் நாள். நினைவுக் கூட்டம் என்று வைத்தியத்தை நிறுத்தினால் அக்கா நம்மைச் சும்மா விடமாட்டார். பூங்குழலி டாக்டர் இப்போது எழுந்து பக்கத்து இல்லத்துக்குப் போகிறார். போக வேண்டியவர்கள் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கூச்சப்பட வேண்டாம். இந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்தே எழுந்து போகலாம்.

ஆமாம், பின்வரிசையில் ஒரு தங்கை எழுந்து நிற்கிறார். யாரென்று யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். வாம்மா, தைரியமா வா. தோழர்களே, காலை மடக்குங்கள். நாற்காலியை நகர்த்துங்கள். வழி விடுங்கள்!